ஒரு பெயர், இரண்டு வேலை: அவீச்சியின் பத்து ஆண்டுகள்

2014 மார்ச் மாதம் மயாமியில் நடக்கும் அல்ட்ரா இசைவிழாவின் பிரதான மேடையில் ஸ்வீடன் நாட்டு நடன இசைக் கலைஞர் அவீச்சி வாசிப்பதாக அறிவித்திருந்தார்கள். விழா நெருங்கிய வேளையில் அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பித்தப்பையையும் குடல்வாலையும் எடுத்துவிட்டார்கள். அவருக்கு ஒதுக்கியிருந்த நேரம் காலியாகக் கிடக்கவில்லை. கனடாக்காரரான டெட்மௌஸ் அந்த இடத்தில் ஏறினார், கூட்டம் ஆடியது, விழா நடந்து முடிந்தது. படுக்கையில் இருந்தவருக்கு வயது 24.

டிம் பெர்க்லிங் என்பது அவருடைய சொந்தப் பெயர். 1989 செப்டம்பர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். பதின்பருவத்தின் கடைசியில் வீட்டுக் கணினியில் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்த பையன், 22 வயதில் உலகின் பெரிய நடன இசை மேடைகள் எல்லாவற்றிலும் இருந்தார். 26 வயதில் இனி மேடையே வேண்டாம் என்று அறிவித்தார். 28 வயதில் ஓமான் நாட்டின் மஸ்கட்டில் இறந்துபோனார். இவ்வளவு சீக்கிரம் ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் மூன்று விடைகள் வரிசையாக வரும்: குடி, பேராசை பிடித்த மேலாளர், கூச்ச சுபாவம். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் குடிக்காத, நல்ல மேலாளர் வாய்த்த, கூச்சமே இல்லாத ஒருவரையும் அதே வேலை அட்டவணையில் உட்கார வைத்துப் பாருங்கள். அவருக்கும் எங்கோ ஓரிடத்தில் ஒடியும். அதனால் ஆளைவிட, அவர் பார்த்த வேலையின் அமைப்பைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப்போகிறேன்.

அந்த வேலை உண்மையில் இரண்டு வேலை. ஒன்று புரொட்யூசர் வேலை: அறைக்குள் உட்கார்ந்து மெட்டு, தாளம், ஒலி மூன்றையும் தானே உண்டாக்குவது. நேரம் காலம் கிடையாது, கேட்பவர் எவரும் எதிரில் இல்லை, ஒரே நான்கு அடியை நூறு தடவை திருப்பிக் கேட்கும் பொறுமை வேண்டும். இன்னொன்று டி.ஜே. வேலை: நள்ளிரவில் பல்லாயிரம் பேருக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் பாட்டுகளைக் கோத்து ஓட்டிவிட்டு விமானம் ஏறுவது. நடன இசையில் இந்த இரண்டையும் ஒரே ஆள், ஒரே பெயரில் செய்வது வழக்கம். பெயர் பரவுவது முதல் வேலையால். பணம் வருவது இரண்டாவது வேலையால். பெர்க்லிங் முதல் வேலைக்கென்றே பிறந்தவர். அவருடைய நாட்காட்டியை எழுதியது இரண்டாவது வேலை.

தொடக்கம்

அம்மா ஆன்கி லிடேன் ஸ்வீடனில் அறியப்பட்ட நடிகை. பையனுக்கு முறையான இசைப் பயிற்சி பெரிதாக இல்லை. எஃப்.எல். ஸ்டுடியோ என்ற மென்பொருளில் சுட்டியால் கட்டம் கட்டமாக ஸ்வரங்களை வரைந்து பழகியவர். இதை ஏளனமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அவருடைய பலமாகத்தான் தெரிகிறது. விரல் பழக்கத்தை நம்பி வாசிப்பவர் விரல் போகும் பாதையிலேயே போவார். திரையில் வரைபவருக்குக் காது மட்டும்தான் வழிகாட்டி. அவருடைய மெட்டுகள் ஒரே தடவை கேட்டால் வாய்க்குள் ஒட்டிக்கொள்வதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

2008 வாக்கில் பிபிசி வானொலியில் பீட் டாங் நடத்திய போட்டியில் அவருடைய 'மேன்மேன்' என்ற பாட்டு வென்றது. ஏறக்குறைய அதே காலத்தில் அஷ் புர்நூரி என்ற இளைஞர் இணையத்தில் அவருடைய பாட்டுகளைக் கேட்டுவிட்டுத் தேடி வந்து மேலாளர் ஆனார்.  புர்நூரிக்கு, எந்தப் பாட்டை எப்போது வெளியிட வேண்டும், எந்த மேடையை ஒப்புக்கொள்ள வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்பது தெரியும். பெர்க்லிங்குக்கு இதில் எதுவுமே தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆகப் பொருத்தமான ஜோடி. மேடையில் எப்படி வாசிப்பது என்பதையே மேலாளர் வந்த பிறகுதான் அவர் பழகினார் என்பதைக் கவனிக்க வேண்டும். டி.ஜே. ஆக வேண்டும் என்ற கனவிலிருந்து இந்தக் கதை தொடங்கவில்லை. பாட்டை விற்பதற்கு மேடை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

2010-இல் டிம் பெர்க் என்ற பெயரில் வந்த 'சீக் புரோமான்ஸ்' ஐரோப்பாவில் ஓடியது. அடுத்து 'ஃபேட் இன்டு டார்க்னஸ்'. இதில் ஒரு வழக்கும் உண்டு. 2011-இல் பிரிட்டிஷ் பாடகி லியோனா லூயிஸின் 'கொலைட்' பாட்டு இந்த மெட்டின்மேல் கட்டப்பட்டிருந்தது. விவகாரம் சட்டப் போராட்டம்வரை போய், கடைசியில் பாட்டு இருவர் பெயரிலும் வெளியானது. வேடிக்கை என்னவென்றால், அந்த மெட்டே பெங்குவின் கஃபே ஆர்கெஸ்ட்ராவின் பழைய இசைத்துண்டு ஒன்றிலிருந்து எடுத்தது. நடன இசையில் உரிமை என்பது வெங்காயம் மாதிரி, உரிக்க உரிக்க அடியில் இன்னொருவர் இருப்பார்.

லெவல்ஸ்

இந்தத் தொழில்வாழ்க்கையில் ஒரே ஒரு பாட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதென்றால் அது 'லெவல்ஸ்'தான். 2010 டிசம்பரிலேயே பீட் டாங்கின் நிகழ்ச்சிக்காக அவர் செய்த கலவையில் பெயரில்லாத பாட்டாக இது வந்துவிட்டது. முறைப்படி வெளியானது 2011 அக்டோபர் கடைசியில். இடைப்பட்ட மாதங்களில் மேடைதோறும் இதை வாசித்தார்கள், கேட்டவர்கள் கைப்பேசியில் பதிந்து பரப்பினார்கள், பாட்டின் பெயர் என்ன என்று ஆளுக்கு ஆள் விசாரித்தார்கள். வாங்கக் கிடைக்காத ஒரு பொருளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. அதற்குள் அமெரிக்க ராப் பாடகர் ஃப்ளோ ரைடா அதே மெட்டின்மேல் 'குட் ஃபீலிங்' பாட்டைச் செய்து, மூலப் பாட்டு வெளிவருவதற்கு முன்பே சந்தையில் இறக்கிவிட்டார்.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 126 தட்டு. ஓடும்போது மனித இதயம் அடிக்கும் வேகத்துக்குப் பக்கத்தில். தொடக்கத்திலேயே சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் அந்த மெட்டு வந்துவிடும். நான்கு சுரவரிசை, திரும்பத் திரும்ப. கிக் டிரம் என்ற கனமான அடித்தாளம் விழும் ஒவ்வொரு தட்டிலும் மற்ற ஒலிகள் ஒரு கணம் அமுங்கி மேலெழும். சைட்செயின் என்று சொல்கிற உத்தி. முழுப் பாட்டும் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குவது அதனால்தான். பாதியில் தாளம் சட்டென்று நின்றுவிடும். அங்கேதான் அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸின் குரல் வருகிறது, 1962-இல் அவர் பாடிய பாட்டிலிருந்து வெட்டியெடுத்த வரிகள். தேவாலயப் பாட்டின் ஏக்கமும் உற்சாகமும் ஒன்றாகக் கலந்த குரல். அரை நூற்றாண்டு பழைய அந்த ஒலித்தடத்தின் சொரசொரப்பை அவர் துடைத்துப் பளபளப்பாக்கவில்லை. அந்தக் குரல் முடிந்து மெட்டு மறுபடியும் கிக் டிரம்மோடு விழும்போது, அதே மெட்டுத்தான், ஒரு சுரம்கூட மாறவில்லை. ஆனால் கேட்பவருக்கு வேறு பாட்டுபோலத் தோன்றும்.

பெரும்பாலான நடன இசைப் பாட்டுகளில் பதற்றத்தை ஏற்றி ஏற்றி, கடைசியில் தாளத்தை உடைத்து இறக்குவார்கள். டிராப் என்பார்கள். அந்த இடத்தில் பெரும்பாலும் மெட்டு இருக்காது, ஒலியின் கனம்தான் இருக்கும். அவீச்சி டிராப்பிலேயே பல்லவியை வைத்தார். ஆடத் தெரியாதவரும் பாடலாம். ஐந்தரை நிமிடப் பாட்டில் மனிதக் குரல் வருவது கொஞ்ச நேரம்தான். இருந்தும் பெரும் மைதானமே சேர்ந்து பாடும், சொற்களை அல்ல, சின்தசைசரின் மெட்டை.

'லெவல்ஸ்' கிராமி பரிந்துரை பெற்றது. டி.ஜே. மேக் இதழின் முதல் நூறு பட்டியலில் 2011-இல் ஆறாவது இடம், 2012-இல் மூன்றாவது. 2012 அல்ட்ராவில் மடோனாவே மேடைக்கு வந்து அவரை அறிமுகம் செய்தார்.

நிறுத்த முடியாத கணக்கு

இனி வருவதுதான் இந்த ஆய்வின் மையம்.

ஒரு ராக் இசைக்குழு ஊர் ஊராகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். லாரி லாரியாக ஒலிபெருக்கியும் விளக்கும் சட்டகமும் போக வேண்டும். மேடை கட்ட ஒரு நாள், பிரிக்க அரை நாள். ஓட்டுநர்கள் தூங்க வேண்டும். டிரம் வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு சரியாக இருக்க வேண்டும். இந்த இடைஞ்சல்கள் எல்லாம் சேர்ந்து, யாரும் கருணையோடு திட்டமிடாமலேயே, குழுவுக்கு ஓய்வு நாட்களை உண்டாக்கிக் கொடுத்துவிடும்.

டி.ஜே.க்கு இதில் எதுவும் கிடையாது. சட்டைப்பையில் இரண்டு யுஎஸ்பி, கையில் ஹெட்ஃபோன். பாட்டை ஓட்டும் இயந்திரமும் ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியும் போகிற இடத்திலேயே இருக்கும். உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரியான பயோனியர் கருவிகள். ஒலி, விளக்கு, மேடை எல்லாம் விழாக்காரர் பொறுப்பு. மாலையில் ஒரு நகரம், நள்ளிரவில் இன்னொரு நகரம் என்றுகூடப் போடலாம். கூடுதலாக ஒரு நிகழ்ச்சிக்கு ஆகும் செலவு விமானக் கட்டணம், விடுதி, ஓரிருவர் சம்பளம். வருமானமோ லட்சக்கணக்கான டாலர். ஏற்பாட்டு முகவருக்கு வழக்கமாகப் பத்து சதவீதம், மேலாளருக்குப் பதினைந்து முதல் இருபது. ஆக ஒவ்வொரு புதுத் தேதிக்கும் 'சரி' சொல்ல அவரைச் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் காரணம் இருந்தது. 'வேண்டாம்' சொல்லக் கணக்குப் புத்தகத்தில் ஒரு காரணமும் இல்லை. எல்லைபோட எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: அந்த ஆளின் உடம்பு.

2012-இன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு நிகழ்ச்சி. 'ஹவுஸ் ஃபார் ஹங்கர்' என்ற பெயரில், பசிக்கொடுமைக்கு எதிரான நல்ல காரியத்துக்காக. பத்து லட்சம் டாலர் ஃபீடிங் அமெரிக்கா அமைப்புக்குப் போனது. நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் நாளுக்கு ஒன்று என்ற கணக்கை லாரியும் மேடைச் சட்டகமும் உள்ள எந்தக் குழுவாலும் போடவே முடியாது. டி.ஜே. என்பதால் மட்டுமே அது காகிதத்தில் சாத்தியமாகத் தெரிந்தது.

அந்தக் காலமும் அப்படி. அமெரிக்கா நடன இசையை 'ஈ.டி.எம்.' (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) என்று பெயரிட்டுப் பெரும்பணம் பார்க்கத் தொடங்கியிருந்தது. லாஸ் வேகாஸ் விடுதிகள் சூதாட்ட மேசைக்கு ஈடாக டி.ஜே. பெயர்களை விளம்பரப் பலகையில் ஏற்றின. எஸ்.எஃப்.எக்ஸ். என்ற நிறுவனம் விழாக்களையும் பாட்டு விற்கும் தளத்தையும் வாங்கிக் குவித்து 2013 அக்டோபரில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2016 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. ஃபோர்ப்ஸ் கணக்கில் அவீச்சியின் ஆண்டு வருமானம் 2013-இல் 2 கோடி டாலர், 2014-இல் 2 கோடியே 80 லட்சம். அந்த இரண்டாவது கணக்கு ஆண்டுக்குள்தான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அறுவை சிகிச்சையும் விழுகிறது. உடம்பு முறிந்த ஆண்டே வருமானத்தில் அதுவரை இல்லாத உச்சம்.

பாட்டு எழுதுவதில் வரும் பணத்தை இதற்குப் பக்கத்தில் வைத்தால் ஏன் மேடையை விட முடியவில்லை என்பது விளங்கும். 'வேக் மீ அப்' பாட்டை அவீச்சியோடு சேர்ந்து எழுதியவர்கள் இருவர்: பாடிய அலோ பிளாக், இன்குபஸ் ராக் குழுவின் கிதார்க்காரர் மைக் ஐன்சிகர். பாண்டோரா என்ற இணைய வானொலியில் அமெரிக்காவில் மட்டும் அந்தப் பாட்டு 16 கோடியே 80 லட்சம் தடவைக்கு மேல் ஓடியது. எழுதியவர்கள், பதிப்பாளர்கள் எல்லோருக்குமாகச் சேர்ந்து வந்த தொகை 12,359 டாலர். தன் பங்காக நாலாயிரம் டாலருக்கும் குறைவாகவே வந்தது என்று அலோ பிளாக் 2014-இல் வெளிப்படையாக எழுதினார். எழுத்துரிமைக்கு அந்தச் சேவை கொடுத்த பங்கு மட்டும்தான் இது. பதிவு உரிமை, விற்பனை எல்லாம் தனிக்கணக்கு. என்றாலும் ஓர் இரவு மேடைக்கு வரும் தொகையோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் தராசு சாயும் என்பதற்குத் தணிக்கையாளர் தேவையில்லை.

மயாமி, 2013

வெற்றி பெற்ற சூத்திரத்தை அவர் மறுபடியும் ஓட்டவில்லை என்பது இந்தத் தொழில்வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 2013 மார்ச் அல்ட்ராவில் தன் நேரத்தின் கடைசியில் மேடைக்கு ஒரு குழுவையே கூட்டிவந்தார். அலோ பிளாக், புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்பாட்டு வகையைப் பாடும் டான் டிமின்ஸ்கி, எல்விஸ் பிரெஸ்லிக்குப் பாட்டு எழுதிய மூத்தவர் மேக் டேவிஸ், இன்குபஸ்காரர்கள். கிதாரும் பேன்ஜோவும் பிடித்துக்கொண்டு மலைநாட்டு நாட்டுப்பாட்டின் சாயலில் வாசித்தார்கள். கூட்டம் விழித்தது. இணையத்தில் கேலி பொங்கியது. தேதி தவறி முட்டாள்கள் தினம் வந்துவிட்டதா என்ற ரீதியில்.

கூட்டத்தைக் குறை சொல்ல முடியாது. டி.ஜே. மேடை ஓர் ஒப்பந்தத்தில் நிற்கிறது: கிக் டிரம் நிற்காது. ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்த பாட்டு அதே வேகத்தில் அடியில் கலந்துவிடும், முப்பத்திரண்டு தாள அளவுக்கு ஒரு தடவை ஏதாவது மாறும், ஆடுபவரின் கால் அந்தக் கணக்கைத் தானாகவே எண்ணிக்கொண்டிருக்கும். நேரடிக் குழு என்றால் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி, சுருதி பார்க்கும் நேரம், கைதட்டலுக்குக் காத்திருப்பு. ஒரு மணி நேரமாக நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தவர்களின் காலுக்கடியில் தரையை உருவியதுபோல ஆகிவிட்டது.

ஜூன் மாதம் 'வேக் மீ அப்' வெளியானது. பிரிட்டனில் முதலிடம், இன்னும் பல நாடுகளில் முதலிடம், அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் நான்காம் இடம்வரை. செப்டம்பரில் வந்த 'ட்ரூ' தொகுப்பு நாட்டுப்பாட்டையும் நடனத் தாளத்தையும் ஒட்டவைத்தது. அதன் பிறகு அந்தப் பாணியில் வந்த பாட்டுகளை எண்ண முடியாது.

மேடையில் தோற்ற அதே பாட்டு காதில் வென்றது என்பதை ரசிகர்களின் மனமாற்றம் என்று கதை சொல்வார்கள். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். புரொட்யூசர் பெர்க்லிங் போக விரும்பிய திசையும், டி.ஜே. அவீச்சியை விலைக்கு வாங்கியவர்கள் எதிர்பார்த்த பொருளும் பிரிந்த நாள் அது. அந்தப் பாட்டு முதலில் கிதாரும் குரலுமாகப் பிறந்தது. பின்னால்தான் 124 தட்டு வேகத்தில் தாளம் ஏறியது. அதை எழுதியவர் அந்த வழியிலேயே தொடர்ந்து போயிருந்தால் அறைக்குள் பாட்டு செய்பவராக, மற்றவர்களுக்கு மெட்டுப் போடுபவராக ஆகியிருப்பார். ஆகவும் தொடங்கினார்: பிரிட்டிஷ் குழுவான கோல்ட்பிளேயின் 'எ ஸ்கை ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்' 2014-இல் வந்தது, மடோனாவின் 2015 தொகுப்பில் சில பாட்டுகள் வந்தன. ஆனால் 'வேக் மீ அப்'பின் வெற்றி நடைமுறையில் செய்தது ஒன்றுதான்: மேடை விலையை இன்னும் ஏற்றியது.

உடம்பு சொன்னது

மேடைக்கு முன்னால் வரும் நடுக்கத்தை அடக்கக் குடித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விமான நிலையத்தில் இலவசம், விடுதியில் இலவசம், மேடைக்குப் பின்னால் இலவசம். 2012-இல், 22 வயதில், கடுமையான கணைய அழற்சியோடு நியூயார்க்கில் 11 நாள் மருத்துவமனையில் கிடந்தார். கணைய அழற்சியின் முக்கியக் காரணங்களில் மிதமிஞ்சிய குடியும் பித்தப்பைக் கல்லும் அடங்கும். வலி சாதாரண வலியல்ல. வலுவான ஓபியாய்டு வலிநிவாரணி மாத்திரைகள் தருவார்கள். 2013-இல் ஆஸ்திரேலியப் பயணத்தில் மறுபடியும் மருத்துவமனை. 2014-இல் அறுவை சிகிச்சை. வலிக்குத் தந்த மாத்திரை பழக்கமாக மாறியது. 2015-இல் குடும்பமும் நெருங்கியவர்களும் சேர்ந்து அவரைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள்.

இதைக் காலவரிசையில் வைத்தால் ஒரு விஷயம் புலப்படும். ஒவ்வொரு தடவையும் மருத்துவமனை ஒரு தடங்கலாகவே நடத்தப்பட்டது. தேதிகள் ரத்தாகும், மன்னிப்பு அறிக்கை வரும், புதுத் தேதி அறிவிப்பார்கள். 2014 செப்டம்பரில் அந்த ஆண்டின் மீதி நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் ரத்து செய்தபோதுகூட அது இடைவேளைதான். அட்டவணையின் அடிப்படை விதியை, வருகிற அழைப்புகளில் முடிந்தமட்டும் ஒப்புக்கொள்வது என்பதை, யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. ஆலையில் இயந்திரம் இத்தனை தடவை நின்றால் பொறியாளர் உற்பத்தி வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்.

மேலாளர் மீதே பழியைப் போடுவது பலருக்கு வசதி. ரத்து செய்யும் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்த இழுபறியை 2017-இல் வெளிவந்த அவரைப் பற்றிய ஆவணப்படத்தில் பார்க்கலாம். பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் மேலாளர், முகவர், விழாக்காரர், விடுதி முதலாளி, நுழைவுச்சீட்டு வாங்கியவர் எல்லோரும் அவரவர் இடத்தில் நியாயமான கோரிக்கையோடு இருந்தார்கள். மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு யாருடைய பணிவிவரத்திலும் இல்லை. பெர்க்லிங்கும் பல வருடம் சரி என்றே சொன்னார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருபது வயதுப் பையனிடம் உலகம் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்லச் சொல்வது எவ்வளவு நடக்கக்கூடியது என்பது வேறு கேள்வி.

நின்ற பிறகு

2016 மார்ச்சில் ரசிகர்களுக்கு எழுதிய கடிதத்தில் சுற்றுப்பயணத்தை விடுவதாகச் சொன்னார். கலைஞனுக்குப் பின்னால் இருக்கும் மனிதனுக்கென்று மிச்சம் ரொம்பக் குறைவு என்பது அதன் சாரம். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு ஆகஸ்ட் 28-இல் இபிசா தீவின் உஷுவாயா கேளிக்கை அரங்கில் கடைசியாக வாசித்தார். அதே ஆண்டு புர்நூரியோடும் பிரிந்தார். வெளியில் பலருக்கு இது புரியவில்லை. உச்சத்தில் இருப்பவர் ஏன் போக வேண்டும் என்று கேட்டார்கள். தொழிலின் கண்ணில் அவர் டி.ஜே.; மேடையை விட்டால் தொழிலையே விட்டதாகப் பொருள். அவரைப் பொறுத்தமட்டில் இரண்டில் ஒரு வேலையை ராஜினாமா செய்திருந்தார், அவ்வளவே.

2017 ஆகஸ்டில் ஆறு பாட்டுகளோடு ஒரு சிறு தொகுப்பு வந்தது. அடுத்த தொகுப்புக்கான வேலையும் நன்றாகவே நகர்ந்துகொண்டிருந்தது. 2018 ஏப்ரல் 20 அன்று மஸ்கட்டில் இறந்தார். சில நாள் கழித்துக் குடும்பம் வெளியிட்ட அறிக்கை, இனியும் தாங்க முடியாமல் அவர் அமைதியைத் தேடிப் போய்விட்டார் என்ற பொருளில் இருந்தது. மேடையை விட்டு இருபது மாதம் ஆகியிருந்த நிலையில் இது நடந்தது என்பதால், அட்டவணை மட்டுமே காரணம் என்று கைகழுவிவிடவும் முடியாது. ஒரு மனிதனின் முடிவை வேலை அமைப்பைக் கொண்டு முழுக்க விளக்கும் துணிச்சல் எனக்கில்லை. தொழில்வாழ்க்கை ஏன் ஒடிந்தது என்பதற்கு அது விடை தரும், அதற்கு மேல் போகாது.

அவர் விட்டுப்போன பாட்டுகளின் கதை தனி. குறைப் பாட்டுகள், கோப்புகள், குறிப்புகள் எனக் கிடந்தவற்றைக் கார்ல் ஃபால்க், சலேம் அல் ஃபகிர், வின்சென்ட் பொன்டாரே முதலியோர் எடுத்து முடித்தார்கள். அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர்கள்தான். சுரங்கள் ஒலிப்பதிவாக இல்லாமல் திரையில் வரைந்த கட்டங்களாகவே இருந்ததால், எந்தச் சுரம் எங்கே, எவ்வளவு நீளம் என்பதை அப்படியே படிக்க முடிந்தது. 'டிம்' என்ற பெயரில் 2019 ஜூனில் தொகுப்பு வெளியானது. லாபம் குடும்பம் தொடங்கிய மனநல அறக்கட்டளைக்கு. அந்த டிசம்பரில் ஸ்டாக்ஹோம் ஃப்ரெண்ட்ஸ் அரங்கில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் அவருடைய பாட்டுகளை மேடையில் வாசித்தது முழு இசைக்குழு. 2013-இல் மயாமி கேலி செய்த அதே ஏற்பாடு, இம்முறை சுமார் 60,000 பேர் கூடவே பாடினார்கள். 2021-இல் நகரின் குளோப் அரங்கத்துக்கே அவருடைய பெயரை வைத்தார்கள்.

2022 செப்டம்பரில், 'ஆபா' (ABBA) பாப் இசைக்குழுவின் பியோர்ன் உல்வேயஸ் நிறுவனர்களில் ஒருவராக உள்ள பாப்ஹவுஸ் நிறுவனம் அவீச்சியின் பதிவுரிமையிலும் எழுத்துரிமையிலும் 75 சதவீதத்தை வாங்கியது. மீதி 25 குடும்பத்திடம் இருக்கிறது. அந்த விற்பனையில் கைமாறிய சொத்து முழுவதும் பாட்டுகள்தான். 800-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளிலிருந்து அந்தப் பட்டியலில் சேர்க்க எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் அந்தந்த இரவோடு பணம் கொடுத்து முடிந்துபோனவை.